ஆறு கோழிகளுக்குப் புழக்கடைக் கூண்டு: அளவும் அமைப்பும்

பலகை வாங்கும் முன் கோழிகளை எண்ணுங்கள். நடுத்தர உடல்வாகுள்ள ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடி, வெளியே உலாவ 10 சதுர அடி வேண்டும். ஆறு கோழி என்றால் 6 அடிக்கு 4 அடி கூண்டு, அதையொட்டி 6 அடிக்கு 10 அடி வலையடைப்பு. நெருக்கினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும்.

படி 1: நீர் தேங்காத மேட்டில், தரையிலிருந்து 2 அடி உயரக் கால்கள்மேல் தளம் அமையுங்கள். அடியில் எலி குடியேறாது. பகலில் நிழலும் கிடைக்கும்.

படி 2: அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையை நாய் பல்லாலேயே கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த உறுதியான வலை) போடுங்கள். மேலே மரப்பட்டி வைத்துத் திருகாணியால் இறுக்குங்கள். வெறும் ஆணி நாளடைவில் கழன்றுவிடும். வலையின் அடியை வெளிப்பக்கமாக 1 அடி மடக்கித் தரையில் படியவிட்டு மண் மூடுங்கள். தோண்டி நுழையும் விலங்கு சுவரோரமாகத்தான் தோண்டும். அங்கே வலை தடுத்துவிடும்.

படி 3: காற்றோட்டம். பெரும்பாலான கூண்டுகள் கெடுவது இங்கேதான். ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். அது கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். எதிரெதிர்ச் சுவர்களில் கூரைக்குச் சற்றுக் கீழே, நீளவாக்கில் 6 அங்குலத் திறப்பு விட்டு வலை அடியுங்கள். உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேல்தான் அது இருக்க வேண்டும். குளிர்காலத்திலும் அடைக்காதீர்கள். உலர்ந்த குளிரைக் கோழி தாங்கும், ஈரப்புழுக்கத்தைத் தாங்காது. சாரல் புகாதிருக்கக் கூரையை 1 அடி வெளியே நீட்டுங்கள். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் மூக்கு எரிந்தால் திறப்பு போதவில்லை, அல்லது தளத்தில் பரப்பிய கூளம் நனைந்திருக்கிறது.

படி 4: உட்கார 2 அங்குல அகல மரச்சட்டம், விளிம்பு மழுக்கியது. கோழிக்கு 9 அங்குலம் வீதம் நாலரை அடி போதும். 6 அடிச் சட்டம் ஒன்றைச் சுவரிலிருந்து 1 அடி தள்ளி, இரண்டரை அடி உயரத்தில் பொருத்துங்கள். முட்டைப்பெட்டி இரண்டு, ஒவ்வொன்றும் 12 அங்குலக் கனசதுரம், ஒன்றரை அடி உயரத்தில். பெட்டி சட்டத்தைவிட உயர்ந்தால் கோழிகள் அதிலேயே தூங்கும், முட்டையெல்லாம் எச்சமாகும்.

படி 5: ஒரு பக்கச் சுவர் முழுவதையும் கதவாக்குங்கள். கூளம் அள்ளுவது சிரமமானால் அந்த வேலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். தளத்தில் 4 அங்குலம் மரச்சீவல் அல்லது உமி பரப்புங்கள். தாழ்ப்பாளோடு கொக்கியும் வேண்டும்.

புதுக் கோழிகளை முதல் வாரம் தீனியும் தண்ணீரும் வைத்துக் கூண்டிலேயே அடைத்து வையுங்கள். அதன்பின் திறந்துவிட்டால் அந்தியில் தாமாகவே வந்து அடையும்.