வரலட்சுமி நோன்பு முதல் பிள்ளையார் சதுர்த்தி வரை: ஒரே மாவில் நான்கு பண்டிகைகள்

2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8ஆம் தேதி வரலட்சுமி நோன்பு, மறுநாளே ஆவணி அவிட்டம், 16ஆம் தேதி கோகுலாஷ்டமி, 27ஆம் தேதி பிள்ளையார் சதுர்த்தி என்று இருபது நாள்களுக்குள் நான்கு பண்டிகைகள் எங்கள் வீட்டிற்கு வந்து போயின. தேதிகள் ஆண்டுதோறும் மாறினாலும் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி பெரிதாக மாறுவதில்லை. பௌர்ணமியை ஒட்டி நோன்பும் அவிட்டமும், தேய்பிறை அஷ்டமியில் கண்ணன் பிறப்பும், அமாவாசை கழிந்த நான்காம் நாள் பிள்ளையாரும் வரிசை தவறாமல் வந்துவிடுவார்கள். திருமணமான முதல் சில ஆண்டுகள் ஒவ்வொன்றுக்கும் முந்தைய நாள் மாலையில் பையை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடினேன். அதைப் பார்த்துப் பொறுக்காமல் என் மாமியார் ஒருநாள், "பண்டிகைதான் நாலு, மாவு ஒண்ணுதானே?" என்று கேட்டார். அன்றிலிருந்து நான் பின்பற்றும் முறையையே இங்கே எழுதுகிறேன்.

நோன்புக்கு இரண்டு நாள் முன்பாக, அதாவது புதன்கிழமை காலையில், மாவுப் பச்சரிசியை நனைக்க வேண்டும். ஆறு பேர் உள்ள எங்கள் வீட்டிற்கு 2 கிலோ போதுமானதாக இருக்கிறது. இரண்டு முறை நோன்புக்கும் சதுர்த்திக்கும் கொழுக்கட்டை, நடுவில் சீடையும் முறுக்கும், மீந்ததில் மாக்கோலம் என்று அது தீர்ந்துவிடும். அரிசியைக் களைந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை முழுவதும் வடித்து, வெள்ளை வேட்டியில் வீட்டிற்குள்ளேயே நிழலில் பரப்புங்கள். மொட்டைமாடி வேண்டாம்; சென்னையில் ஆகஸ்ட் மாத மாலை மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. கையில் எடுத்தால் ஈரம் தெரிய வேண்டும், ஆனால் உள்ளங்கையில் அரிசி ஒட்டக்கூடாது. அதுவே அரைப்பதற்கான பதம்.

மாவு மெஷினுக்குக் கொண்டுபோவதானால் உங்களுக்கு முன்பு அங்கே என்ன அரைத்தார்கள் என்று கேட்காமல் அரிசியைக் கொட்டிவிடாதீர்கள். ஓராண்டு நான் கேட்கவில்லை. வீட்டிற்கு வந்து தூக்கைத் திறந்தபோது மாவு இளஞ்சிவப்பாக இருந்தது, அருகில் முகர்ந்த என் மகன் நான்கு முறை தும்மினான். மிளகாய்த்தூள் வாசனையோடு அம்மனுக்கு வெல்லக் கொழுக்கட்டை படைக்க முடியாதாகையால் அந்த மாவு முழுவதும் தோசைக்குப் போயிற்று. அதன் பிறகு மிக்சியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, சலித்து, மேலே நிற்கும் குருணையை மறுபடி அரைத்துக்கொள்கிறேன். சலிக்கும் அறையில் மின்விசிறியை யாரும் போடாதபடி சுவிட்சின் மீது ஒரு காகிதத்தை ஒட்டிவைப்பது நல்லது. இது எப்படித் தெரிந்தது என்பதை விளக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சலித்த மாவை இரும்பு வாணலியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் ஆவி கிளம்பும், பிறகு அடங்கும். விரல் நுனியில் மாவை எடுத்துக் கோலம்போல இழுத்தால் கோடு அறுந்துபோகாமல் விழ வேண்டும். நிறம் மட்டும் மாறக்கூடாது. ஆறியபின் மீண்டும் சலித்துக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் சதுர்த்தி வரை கெடாது. நாள் ஆக ஆக மாவு சற்று அதிகமாகத் தண்ணீர் இழுக்கும் என்பதை மட்டும் இரண்டாம் முறை கொழுக்கட்டை செய்யும்போது நினைவில் கொள்ளுங்கள்.

அதே புதன்கிழமை செய்ய வேண்டிய இன்னொரு வேலை, சமையல் எரிவாயு உருளையைச் சோதிப்பது. 14.2 கிலோ எரிவாயு எவ்வளவு மீந்திருக்கிறது என்பதை எடைபோட்டுப் பார்க்க எல்லோராலும் முடியாது. ஈரத்துணியால் உருளையை மேலிருந்து கீழ்வரை துடைத்துவிட்டுச் சில நிமிடங்கள் பொறுத்தால், மேற்பகுதி சீக்கிரம் உலர்ந்து, திரவம் இருக்கும் கீழ்ப்பகுதி மட்டும் ஈரமாகவே நிற்கும். ஈரம் நான்கு விரல் அளவுக்கும் கீழே இருந்தால் அன்றே பதிவு செய்துவிடுங்கள். பாதி முறுக்கு எண்ணெயில் வெந்துகொண்டிருக்கும்போது தீ நீலம் குன்றி அணைவதைப் பார்த்தவர்களுக்கே இதன் அருமை தெரியும்.

நோன்பில் கவனிக்க வேண்டியது கலசம். சொம்பில் முக்கால் பங்கு பச்சரிசி நிரப்பி, வாய்க்குப் பொருந்தும் தேங்காயை வியாழன் இரவே வைத்துப் பார்த்துவிட வேண்டும். தேங்காய் சிறியதானால் அம்மன் முகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூஜை முழுவதும் யாராவது ஒருவர் அதையே பார்த்துக்கொண்டிருக்க நேரும். மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் கலசத்தை அரிசி டப்பாவில் வைத்து, அந்தத் தேங்காயை அடுத்த வெள்ளிக்கிழமை பாயசத்திற்குப் பயன்படுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். 2025ஆம் ஆண்டைப்போல அவிட்டமும் அதே சனிக்கிழமையில் வந்தால், பூணூல் மாற்றிக்கொண்டு பசியோடு திரும்புபவர்களுக்கு இட்லியும் அப்பமும் தயாராக இருந்தால் போதும், பெரிய சமையல் வேண்டாம்.

கோகுலாஷ்டமியில்தான் உண்மையான சாகசம் இருக்கிறது, ஏனென்றால் சீடை வெடிக்கும். உருண்டைக்குள் சிக்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் போவதுதான் காரணம். மாவில் ஈரம் மிஞ்சியிருப்பது, சலிக்காத கட்டிகள், கரையாத உப்புக்கல், உள்ளங்கையில் வழவழவென்று அழுத்தி உருட்டுவது ஆகியவை எல்லாம் அங்கேயே கொண்டுபோய் விடும். ஒரு டம்ளர் மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வறுத்தரைத்துச் சலித்த உளுத்தம்மாவு, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், எள், பெருங்காயம், கொஞ்சம் தேங்காய்த் துருவல் சேர்த்து, உப்பைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றிப் பிசையுங்கள். உருண்டைகள் கொஞ்சம் கோணலாக இருப்பதே நல்லது. துணியில் அரை மணி நேரம் உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்துக் குத்திவிடுங்கள். இந்த வேலையைக் குழந்தைகள் ஆசையாகச் செய்வார்கள். பொரிக்கும்போது மட்டும் அவர்கள் சமையலறையில் இருக்கக்கூடாது.

முதலில் இரண்டே இரண்டு சீடைகளை மிதமான சூட்டில் போட்டு, வாணலிக்கு மேலே பெரிய தட்டை மறைவாகப் பிடித்தபடி இரண்டு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். வெடித்தால் அடுப்பை அணைத்து விலகிவிட வேண்டும், பிறகு மீதி உருண்டைகளைத் தட்டையாகத் தட்டிப் பொரித்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் தட்டை என்ற பலகாரம் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. வெல்லச்சீடை வெடிப்பதைவிட எண்ணெயில் பிரிந்து கரைவதே அதிகம். அப்படியானால் பாகு மிகுந்துவிட்டது என்று பொருள், இரண்டு கரண்டி மாவு கூட்டிப் பிசைந்தால் சரியாகும்.

வாசலிலிருந்து பூஜை அறை வரை கண்ணன் பாதம் போடுவதற்கு மாவைத் தண்ணீரில் கரைத்து, மூடிய கையின் பக்கவாட்டை அதில் தோய்த்துப் பதித்து விரல் புள்ளிகள் வைப்பார்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஈரம் காயும் வரை பெரியவர்கள் வழுக்கி விழ வாய்ப்புண்டு என்பதால், பாதங்களை நடைபாதையின் நடுவே போடாமல் சுவர் ஓரமாகவே போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டுக் கண்ணன் இப்போதெல்லாம் ஓரமாகத்தான் நடந்து வருகிறான்.

சதுர்த்திக்குச் சுடாத, வண்ணம் பூசாத களிமண் பிள்ளையாரையே வாங்குங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020ஆம் ஆண்டின் வழிகாட்டுதல்களில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளைக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அதையும் மீறிப் பளபளப்புக்கு மயங்கி ஒருமுறை வாங்கிவந்த பிள்ளையார், வாளித் தண்ணீரில் ஒரு வாரம் அசையாமல் அமர்ந்திருந்தார். களிமண் என்றால் ஓரிரவில் கரைந்துவிடும்.

கொழுக்கட்டைக்கு ஒரு டம்ளர் மாவுக்கு ஒன்றேகால் டம்ளர் தண்ணீரை நல்லெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, மாவைத் தூவிக் கிளறி, மூடிவைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்துவிட வேண்டும். பூரணம் வைக்க மாவைக் கிண்ணம்போலச் சொப்பு செய்யும்போது விளிம்பு வெடித்தால் மாவு உலர்ந்திருக்கிறது. கையை வெந்நீரில் நனைத்து மறுபடி பிசைந்து, ஈரத்துணியால் மூடிவையுங்கள். பூரணம் நீர்த்திருந்தால் எவ்வளவு நன்றாகச் செய்த சொப்பும் ஆவியில் பிளந்துவிடும் என்பதால், உருட்டினால் நிற்கும் அளவுக்குக் கிளறி ஆறவிடுங்கள். பத்து நிமிடத்திற்கு மேல் வேகவைக்க வேண்டாம்.

பிள்ளையாரைக் கரைக்கும் முன் எருக்கம்பூ மாலை, அருகம்புல், குடை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். வாளியில் மண் படிந்தபின் மேலே தெளிந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றி, மண்ணைத் துளசித் தொட்டியில் சேர்த்துவிடலாம். மாவு டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவையுங்கள். ஈரம் இருக்கும்போதே மூடிவிட்டால் அடுத்த ஆண்டு அதைத் திறக்கும்போது வண்டுகள்தான் வரவேற்கும். குடையைப் பத்திரமாக எடுத்துவைக்கலாம் என்று நான் ஒவ்வோர் ஆண்டும் நினைக்கிறேன், அதற்குள் என் மகள் அதைப் பிடித்துக்கொண்டு தெருமுனை வரை போய்விடுகிறாள்.