கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்த மதுரைக்காரர்களுக்கு: ஊரில் பெற்றவர்களுக்கு முடியாமல் போனால்

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் எல்லோரும் பார்ப்பது கடைசி வரியைத்தான். கொஞ்சம் மேலே பாருங்கள், 'சிஏ எஸ்டிஐ' என்று ஒரு பிடித்தம் இருக்கும். 2025இல் அது சம்பளத்தில் 1.2 சதவீதம், உச்சவரம்பு கிடையாது. ஏதோ வரி என்று நினைத்து நான் நான்கு வருடம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அது உங்கள் பணத்தில் நீங்களே கட்டிவரும் இன்சூரன்ஸ். திருநகரில் இருக்கும் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்தால், வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்துக்கொள்ளும் வாரங்களுக்கு அதிலிருந்துதான் பணம் வரும்.

இது தெரியாத காலத்தில் அப்பாவுக்கு பைபாஸ் நடந்தது. கையில் இருந்த இரண்டு வார லீவைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தேன். அப்பா துணையில்லாமல் கட்டிலை விட்டு எழுவதற்குள் நான் திரும்ப விமானம் ஏறிவிட்டேன். அலுவலகத்தில் யாரும் இப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. அப்புறம் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது கேட்டேன், கிடைத்தது.

மதுரையில் மில் தொழிலாளி வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. நம் ஊர் இஎஸ்ஐ போலத்தான். அதில் தொழிலாளிக்கு உடம்பு முடியாவிட்டால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கொடுப்பார்கள். ஆனால் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்தால் அங்கே பணம் இல்லை. கலிஃபோர்னியாவில் அதற்கும் உண்டு, 'பெய்டு ஃபேமிலி லீவ்' என்று பெயர். 2004 ஜூலையில் இதைத் தொடங்கிய முதல் அமெரிக்க மாநிலம் அதுதான். 12 மாதத்துக்குள் 8 வாரம் வரை, வருமானத்தைப் பொறுத்து சம்பளத்தில் 70 முதல் 90 சதவீதம் வரை தருகிறார்கள். 2025இல் வாரத்துக்கு அதிகபட்சம் 1,681 டாலர். பிடித்தமும் வரம்பும் வருடா வருடம் மாறும்.

அப்பா அம்மா மட்டுமில்லை, மாமனார், மாமியார், தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி, பிள்ளை, பேரப்பிள்ளை எல்லோரும் கணக்கில் வருவார்கள். அத்தை, சித்தப்பா வர மாட்டார்கள். ஆனால் சின்ன வயதில் பெற்றவர் இடத்தில் இருந்து உங்களை வளர்த்தது பெரியம்மா என்றால், அவரும் பெற்றோர்தான். நோயாளி அமெரிக்காவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் எந்த விசாவில் இருக்கிறீர்கள் என்பதும் தடையில்லை.

புதிதாக வந்தவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விடுப்பு தொடங்குவதற்கு ஏறக்குறைய 5 முதல் 18 மாதம் முன்பு நீங்கள் வாங்கிய சம்பளத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் காலத்தில், இந்தப் பிடித்தம் போன சம்பளம் குறைந்தது 300 டாலராவது இருக்க வேண்டும். தொகை பெரிதில்லை, காலம்தான் முக்கியம். ஜனவரியில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஜூன் முடியும் வரை ஒன்றும் கிடைக்காது. ஜூலையில் தொடங்கும் விடுப்புக்குத்தான் அந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச் சம்பளம் கணக்கில் வரும். அந்த இடைவெளிக்கு விமான டிக்கெட் பணத்தையாவது தனியாக எடுத்து வையுங்கள்.

விண்ணப்பத்தை இடிடி என்ற மாநிலத் துறைக்கு அனுப்ப வேண்டும். விடுப்பின் முதல் நாளுக்கு முன்னால் அனுப்பக் கூடாது, அந்த நாளிலிருந்து 41 நாளைத் தாண்டவும் கூடாது. படிவத்தின் பெயர் டிஇ 2501எஃப். டாக்டர் சான்று தர வேண்டிய பக்கங்களை அச்செடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். அம்மாவுக்கு ஆபரேஷன் செய்த டாக்டர் முதலில் லெட்டர்ஹெட்டில் 'ஆறு வாரம் ஓய்வு தேவை' என்று எழுதிக் கொடுத்தார். அது போதாது. நோயின் பெயரும் குறியீடும், எப்போது தொடங்கியது, எப்போது குணமாகும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கவனிப்பு வேண்டும், டாக்டரின் பதிவு எண் எல்லாம் வேண்டும். நம் ஊர் டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் எண். அவர் மணி நேரக் கட்டத்தை வெறுமையாக விட்டிருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மறுநாள் திரும்பவும் டோக்கன் வாங்கி உட்கார்ந்து, குளிப்பாட்டுவது, மாத்திரை, நடைப்பயிற்சி, இரவில் எழுப்பிக் கூட்டிப்போவது என்று ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகு நிரப்பிக் கொடுத்தார். நோயாளியும் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தலையணையில் சாய்ந்தபடி, பேங்க் பாஸ்புக்கில் இருக்கும் அதே கையெழுத்தைத் தமிழில் போட்டார்.

ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தத் திட்டம் பணம் தரும், வேலையைக் காப்பாற்றாது. வேலையைக் காப்பது வேறு சட்டம், மாநிலத்தின் சிஎஃப்ஆர்ஏ. நிறுவனத்தில் 5 பேராவது இருந்து, நீங்கள் 12 மாதம் வேலை பார்த்து, அதில் 1,250 மணி நேரம் முடித்திருந்தால் 12 வாரம் வரை உங்கள் இடம் பத்திரம். எஃப்எம்எல்ஏ என்ற 1993ஆம் வருடத்து மத்தியச் சட்டம் 50 பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடங்களுக்கு, அதில் மாமனார் மாமியார் கிடையாது. ஒரு வருடம் முடியாதவர்கள் மேலாளரின் வாய்ச்சொல்லை நம்பிக் கிளம்ப வேண்டாம், மின்னஞ்சலில் சம்மதம் வாங்குங்கள். பதற்றத்தில் பாஸ்போர்ட்டில் விசா முத்திரையின் தேதியைப் பார்க்க மறந்துவிடுவோம். அது முடிந்திருந்தால் புது விசா வாங்காமல் திரும்ப முடியாது.

பிரசவத்துக்கு இதே பிடித்தத்திலிருந்து தாய்க்கு வழக்கமாகப் பேறுக்கு முன் 4 வாரமும், பின் 6 வாரமும் உண்டு, சிசேரியன் என்றால் 8. அதற்கு மேல் குழந்தையோடு இருக்க 8 வாரம், அப்பாவுக்கும் அப்படியே. நியூ ஜெர்சி, நியூயார்க், வாஷிங்டன் மாநிலங்களிலும் இப்படித் திட்டங்கள் உண்டு, விதிகள் வேறு. டெக்சாஸில் இருப்பவர்களுக்கு இப்படியொரு மாநிலக் காப்பீடு இல்லை, நிறுவனம் கொடுப்பதுதான்.

எழுதவே மனம் வராத விஷயம், ஆனாலும் சொல்லியாக வேண்டும். நோயாளி இறந்துவிட்டால் இந்தப் பணம் நின்றுவிடும். துக்கத்துக்கு 2023 முதல் 5 நாள் விடுப்பு தனிச் சட்டமாக இருக்கிறது, சம்பளம் நிறுவனத்தைப் பொறுத்தது. பதினாறாம் நாள் காரியம் வரை இருக்க நினைத்தால் சொந்த லீவு கையில் இருக்க வேண்டும்.

அப்புறம், 8 வாரத்தையும் ஒரே மூச்சில் எடுக்கத் தேவையில்லை. நான் முதலில் ஐந்து வாரம் எடுத்தேன். வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறும் சமயத்தில்தான் நிறையப் பேர் மறுபடி விழுகிறார்கள் என்று பிசியோதெரபி பார்த்த தம்பி சொன்னதால், டாக்டரிடம் அந்தத் தேதிகளுக்கும் சான்று வாங்கி, மீதி மூன்று வாரத்தை அதற்கென்று வைத்துக்கொண்டேன்.