நகைச்சுவைப் படங்களின் வசூல் கணக்கைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு நகைச்சுவைப் படம் வென்றதா, தோற்றதா என்பதை மொத்த வசூலிலிருந்து தயாரிப்புச் செலவைக் கழித்து முடிவுசெய்வதே பரவலாக நிகழும் தவறு. 2007-இல் வெளியான ‘இவான் ஆல்மைட்டி’ என்ற ஹாலிவுட் படத்துக்குச் சுமார் 17.5 கோடி டாலர் செலவானது. உலகம் முழுவதும் அது ஈட்டிய வசூலும் ஏறத்தாழ அதே அளவுதான். இதைப் படிப்பவர் போட்ட முதல் திரும்பிவிட்டது என்றே நினைப்பார். வசூல் என்பதோ பார்வையாளர்கள் டிக்கெட்டுக்குக் கொடுத்த மொத்தத் தொகை. அதில் கிட்டத்தட்டப் பாதியைத் திரையரங்குகள் எடுத்துக்கொள்ள, நம் விநியோகஸ்தர்கள் ‘ஷேர்’ என்று குறிப்பிடும் மீதிப் பங்குதான் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேரும். போதாததற்கு, விளம்பரச் செலவு தயாரிப்புச் செலவில் சேராது. அது தனிக் கணக்கு. ஆக, திரையரங்கு வருவாயை மட்டும் பார்த்தால் அந்தப் படத்தில் விழுந்த துண்டு மிகப் பெரியது. பைபிள் கதையில் வரும் நோவாவின் பேழையையும் விலங்குக் கூட்டத்தையும் அப்படத்தில் திரைக்குக் கொண்டுவரச் செய்த செலவுக்கு ஈடாகச் சிரிப்பு வந்ததா என்பது வேறு கேள்வி.

முதல் வார இறுதி வசூலை வைத்துத் தீர்ப்பெழுதுவதும் தவறுதான், அதிலும் வாய்மொழிப் பாராட்டால் பிழைக்கும் நகைச்சுவைக்கு அது சற்றும் பொருந்தாது. சுமார் 50 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’ 2002 ஏப்ரலில் நூற்றுச் சொச்சம் திரையரங்குகளில் வெளியாகி, முதல் வார இறுதியில் 6 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. மாதக்கணக்கில் ஓடிய அப்படம், எந்த வார இறுதியிலும் முதலிடத்தைப் பிடிக்காமலேயே, வட அமெரிக்காவில் மட்டும் 24 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. வெவ்வேறு காலத்துப் படங்களை ஒப்பிடுவோர் டிக்கெட் விலையையும் கவனிக்க வேண்டும்: அமெரிக்காவில் 1988-இல் 4.11 டாலராக இருந்த சராசரி விலை, 2009-இல் 7.50 டாலர் ஆகிவிட்டது.

இவற்றையெல்லாம் விடச் சிக்கலானது ‘நிகர லாபம்’ என்ற சொல். அதன் பொருளை அகராதி சொல்லாது, ஒப்பந்தம்தான் சொல்லும். எடி மர்ஃபி நடித்து 1988-இல் வெளியான ‘கமிங் டு அமெரிக்கா’ தம் கதைக்கருவிலிருந்து உருவானது என்று எழுத்தாளர் ஆர்ட் புக்வால்ட் பாரமவுண்ட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தார். 1990 ஜனவரியில் நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் அவருக்கு ஒப்பந்தப்படி உரியது நிகர லாபத்தில் ஒரு பங்கு. உலகெங்கும் 28 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அப்படத்தில் நிகர லாபமே இல்லை என்று நிறுவனம் கணக்குக் காட்டியது. அது கள்ளக் கணக்கும் அல்ல, கையெழுத்தான ஒப்பந்தத்தின் வாய்பாட்டின்படி போட்ட கணக்குத்தான். உண்மையில் எவ்வளவு செலவானது என்பதோடு தொடர்பில்லாமல் தயாரிப்புச் செலவின் மேல் 15 சதவீதமும் விளம்பரச் செலவின் மேல் 10 சதவீதமும் நிர்வாகச் செலவாக ஏற்றப்பட்டன. அப்படி ஏற்றிய தொகைக்கு வட்டியும் போடப்பட்டது. மொத்த வருவாயிலேயே பங்கு பேசிக்கொண்ட நட்சத்திரத்துக்குக் கொடுத்ததும் செலவாகவே எழுதப்பட்டது. வருவாய் ஏற ஏறச் செலவும் கூடவே ஏறும் இந்த அமைப்பில் நிகர லாபம் என்ற கட்டத்தைத் தொடுவது அரிதினும் அரிது.

அந்த வாய்பாட்டின் பல பிரிவுகள் மனச்சாட்சிக்கு ஒவ்வாத அளவுக்கு ஒருதலைப்பட்சமானவை என்று 1990 டிசம்பரில் நீதிமன்றம் கூறியது. 1992-இல் புக்வால்டுக்கு 1.5 லட்சம் டாலரும், அவருடைய கூட்டாளியான தயாரிப்பாளர் அலன் பெர்ன்ஹைமுக்கு 7.5 லட்சம் டாலரும் வழங்க உத்தரவானது. அவர்கள் கேட்டிருந்ததோ பல மடங்கு அதிகம்.