நாயனத்துக்கும் குரலுக்கும் இடம் பிரித்தல்: கோயில் பாட்டுக்கு ஈக்யூ

கோயில் பாட்டொன்றை மிக்ஸ் செய்ய உட்கார்ந்தால் குரல், நாயனம், தவில் மூன்றும் ஒரே இடத்துக்கு அடிபடும். அந்த இடத்தைப் பிரித்துக் கொடுக்கத்தான் ஈக்யூ, அதாவது ஒலியின் குறித்த அதிர்வெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி. அதைத் தொட முன்னர் ஃபேடர்களால் (ட்ராக்கின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளிகள்) மட்டும் பாட்டைச் சமப்படுத்துங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

குரலுக்கு, தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை எங்கே வைப்பது? சுருதியைப் பாருங்கள். ஒரு கட்டையில் பாடும் ஆணின் மந்தர பஞ்சமம் (கீழ் ஸ்தாயிப் 'ப') 98 ஹேர்ட்ஸ். ஆகவே 80க்கு மேல் வேண்டாம். ஐந்து கட்டைப் பெண் குரலில் அது 147. அங்கே 120 வரை வெட்டலாம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் வயர் உறுமல் 50, 100, 150இல் நிற்கும். குரலோடு கலந்து கிடப்பதை மிக ஒடுக்கமாக, க்யூ (வெட்டின் ஒடுக்கத்தைக் காட்டும் எண்) 10க்கு மேல் வைத்து எடுங்கள்.

திரைச்சீலை இல்லாத சீமெந்து அறையில் பதிந்த குரல் பானைக்குள் இருந்து வருவதுபோலக் கேட்கும். 250 முதல் 400 ஹேர்ட்ஸுக்குள் தேடி, க்யூ 1.5 அளவில் 2–3 டெசிபல் குறைத்தால் போதும். 6 டெசிபல் குறைக்க வேண்டியிருந்தால் மைக் வைத்த இடம் பிழை. திரும்பப் பதிவதே நல்லது.

கவனம் முழுக்க வேண்டிய இடம் 2–4 கிலோஹேர்ட்ஸ். நாயனத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் கூர்மையும் சொல்லின் மெய்யெழுத்தும் அங்கேதான் மோதும். பாடகர் "கந்தா" என்று எடுக்க, "அந்தா" என்று கேட்கிறதா? குரலை ஏற்றாதீர்கள், அது காதைக் குத்தும். நாயனத்தில் 3 கிலோஹேர்ட்ஸ் அருகே 3 டெசிபல் இறக்குங்கள். அதுவும் குரல் வரும் வரிகளில் மட்டும், ஆட்டோமேஷனால் (குறித்த இடங்களில் மாற்றம் தானாக நடக்கப் பதிந்து வைப்பது). நாயனம் தனியே வாசிக்கும் இடத்தில் அதன் முழு நாதமும் வரவேண்டும்.

தவிலுக்கு இரண்டு மைக் வைத்திருந்தால், கம்பால் அடிக்கும் பக்கமான தொப்பியின் அடி மெலிந்து கேட்டவுடன் 100 ஹேர்ட்ஸை ஏற்றப் போகவேண்டாம். ஒரு ட்ராக்கின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல் கீழை) திருப்பிப் பாருங்கள். இரண்டு மைக்கும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தால் எந்த ஈக்யூவாலும் அதை மீட்க முடியாது. மறுபக்கமான வலந்தலையில், விரலில் மாட்டும் கூட்டின் சொடுக்குத் தெரிய 4 கிலோஹேர்ட்ஸில் 2 டெசிபல் தாராளம்.

ஒரு ட்ராக்கை மட்டும் தனியே கேட்கும் சோலோவில் வைத்து ஈக்யூ பிடிக்காதீர்கள். தனியே மெலிந்து கேட்கும் குரல் பாட்டுக்குள் சரியாக அமர்ந்துவிடும். எந்த மாற்றத்தையும் பைபாஸ் செய்து (தற்காலிகமாக நிறுத்தி) ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவாக இருக்கவேண்டும். சத்தம் கூடியதைத்தான் காது நல்லதென்று சொல்லும்.

பாட்டு திருவிழாவில் லவுட்ஸ்பீக்கரில் போகப்போகிறதென்றால், முழு மிக்ஸும் வந்து சேரும் மாஸ்டரில் 300 ஹேர்ட்ஸுக்குக் கீழும் 6 கிலோஹேர்ட்ஸுக்கு மேலும் வெட்டி, அந்த ஸ்பீக்கரில் கேட்பதுபோல ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அப்போதும் ஒவ்வொரு சொல்லும் விளங்கவேண்டும். எக்ஸ்போட் செய்ய முன்னர் அந்த இரண்டு ஃபில்டரையும் மறக்காமல் கழற்றிவிடுங்கள்.