அபார்ட்மெண்ட் கழிவுநீரில் பாஸ்பரஸைக் குறைப்பது எப்படி?

பெங்களூரில் அபார்ட்மெண்ட் எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? காற்றூட்டும் தொட்டி மட்டும் பாஸ்பரஸை முழுசாக எடுக்காது. மிச்சம் ஏரிக்குப் போய் ஆகாயத்தாமரைக்குத் தீனியாகும், பெள்ளந்தூர் ஏரிப் பக்கம் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சுலப வழி ஆலம், அதாவது அலுமினியம் சல்ஃபேட் (சலூன் படிகாரம் வேறு). கணக்குப்படி 1 கிராம் பாஸ்பரஸுக்குச் சுமார் 10 கிராம் ஆலம், நடைமுறையில் ஒன்றரை, இரண்டு மடங்கு இழுக்கும். அதனால் உங்கள் தண்ணீருக்கு எவ்வளவு தேவை என்று ஜாரில் சோதித்துப் பார்க்கும் ஜார் டெஸ்ட் செய்துவிடுங்கள். 10 கிராம் ஆலத்தைக் கரைத்து 1 லிட்டராக்கினால், அதில் 1 மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கும். காற்றூட்டும் தொட்டித் தண்ணீரை நாலு ஜாரில் லிட்டர் லிட்டராக எடுத்து, 5, 8, 11, 14 மில்லி விட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் 15 நிமிடம் மெதுவாகவும் கலக்கி, அரை மணி நேரம் படியவிட்டு, மேல்தண்ணீரில் மிச்சமுள்ள பாஸ்பரஸை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். போதுமான அளவு குறைத்த ஜார்களில் எதில் ஆலம் குறைவோ, அதுதான் உங்கள் அளவு.

சரி, எங்கே ஊற்றுவது? கிளாரிஃபையருக்குள் (கசடு படியும் தொட்டி) நுழையும் முன், தண்ணீர் நன்றாகக் கொந்தளிக்கும் இடத்தில். ஆலம் காரத்தன்மையைத் தின்னும். பிஎச் 6க்குக் கீழே போனால் கழிவைத் தின்னும் பாக்டீரியாவும் சோர்ந்துவிடும், கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அப்புறம் கசடு கூடும், பழைய அட்டவணைப்படி வெளியேற்றினால் போதாது.