குளிர்காலத்தில் கடல் கயாக்கிங்: நண்பர்களோடு ஹோப் தீவைச் சுற்றிவருவது எப்படி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் பக்கம் மழைக்காலம் தொடங்கிவிட்டால், கயாக்கை (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) கராஜில் தொங்கவிட்டு மே மாதம்வரை மறந்துவிடுவது பலரின் வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடல் டிசம்பர், ஜனவரியில்தான் அவ்வளவு அமைதியாக இருக்கும். விசைப்படகுகளின் இரைச்சல் இருக்காது. வடக்கிலிருந்து வந்திறங்கிய கடல்வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும்.

ஆனால் அந்தத் தண்ணீரின் வெப்பநிலை அப்போது 8 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். கவிழ்ந்தால் உங்களைத் தூக்கிவிடப் பக்கத்தில் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தூக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். குளிர்காலக் கயாக்கிங்கில் மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது ஒலிம்பியா நகருக்கு வடக்கே இருக்கும் ஹோப் தீவு. 106 ஏக்கர், முழுவதும் மாநிலப் பூங்கா, படகில் மட்டுமே போக முடியும். ஆர்கேடியா படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரம்தான். தீவின் கரையைச் சுற்றினால் இரண்டரை கிலோமீட்டர் வரும்.

படி 1: ஆட்களைச் சேருங்கள்

நான்கு பேர் சரியான எண்ணிக்கை. ஒருவர் கவிழ்ந்தால் ஒருவர் தூக்குவார், மூன்றாமவர் தூக்குபவரின் படகைப் பிடித்துக்கொள்வார், நான்காமவர் மிதந்து போகும் துடுப்பை எடுப்பார் அல்லது ரேடியோவில் உதவி கேட்பார். நால்வரில் ஒருவராவது இந்தக் கடலில் குளிர்காலத்தில் துடுப்புப் போட்டுப் பழகியவராக இருக்க வேண்டும். நால்வரும் புதியவர்கள் என்றால், பயிற்சி தரும் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். இதில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். "இன்னைக்கு வேண்டாம்" என்று நால்வரில் யார் சொன்னாலும், ஏன் என்று துருவாமல் எல்லோரும் திரும்பிவிட வேண்டும்.

படி 2: நீச்சல் குளத்தில் கவிழ்ந்து பழகுங்கள்

குளிர்காலத்தில் இங்கே பல நீச்சல் குளங்களில் கயாக் பயிற்சிக்கென்று தனி நேரம் ஒதுக்குகிறார்கள். நால்வரும் சேர்ந்தே போங்கள். முதலில் ஸ்ப்ரே ஸ்கர்ட்டை (இடுப்பைச் சுற்றி, உட்காரும் குழிக்குள் தண்ணீர் புகாமல் மூடும் உறை) மாட்டிக்கொண்டு தலைகீழாகக் கவிழுங்கள். அதன் முன்பக்க வளையத்தைத் தடவிக் கண்டுபிடித்து, முன்னோக்கித் தள்ளி இழுத்தால் கழன்றுவிடும். இடுப்பை நகர்த்தி வெளியே வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டும் கை தானாக அந்த வளையத்துக்குப் போகும்வரை செய்யுங்கள்.

அப்புறம் டி-மீட்பு, அதாவது கவிழ்ந்தவரை மறுபடி படகில் ஏற்றும் முறை. இதை நிதானமாகச் சொல்கிறேன்.

கவிழ்ந்தவர் தன் படகையும் துடுப்பையும் விடவே கூடாது. மீட்பவர், கவிழ்ந்த படகின் முனைக்கு வந்து தன் படகைக் குறுக்கே நிறுத்துவார். மேலிருந்து பார்த்தால் இரண்டு படகும் ஆங்கில 'டி' எழுத்துப் போலத் தெரியும். கவிழ்ந்தவர் தன் படகின் பின்முனையை அழுத்த, மீட்பவர் முன்முனையைத் தன் மடிக்கு முன்னால் இழுத்துப் போடுவார். தலைகீழாக இருக்கும் படகிலிருந்து தண்ணீர் கொட்டிவிடும். இப்போது அதை நிமிர்த்தித் தண்ணீரில் இறக்கி, ஒன்றின் முன்முனை மற்றதன் பின்முனையைப் பார்க்கும்படி இரண்டையும் ஒட்டி நிறுத்த வேண்டும். மீட்பவர் காலிப் படகின் மேல் நன்றாகச் சாய்ந்து, உட்காரும் குழியின் விளிம்பை இரு கையாலும் இறுக்கிப் பிடிப்பார். எவ்வளவு சாய்கிறாரோ அவ்வளவு உறுதி. கவிழ்ந்தவர் காலை உதைத்துப் பின்தளத்தில் குப்புற ஏறி, கால்களை உள்ளே நுழைத்து, மீட்பவர் பக்கமாகவே உடலைத் திருப்பி உட்கார வேண்டும். அவர் ஸ்கர்ட்டை மாட்டி முடித்து "சரி" என்று சொன்ன பிறகுதான் பிடியை விடலாம்.

குளத்தில் இது சுலபமாகத்தான் இருக்கும். கடலில் விரல் மரத்துப்போன நிலையில் செய்ய வேண்டும் என்பதை மனதில் வைத்து, நால்வரும் மாறி மாறி இரண்டு பாத்திரங்களையும் செய்து பாருங்கள்.

படி 3: தண்ணீருக்கு ஏற்ற உடை

வெளியே வெயிலடித்தாலும் உடை தண்ணீரின் குளிருக்குத்தான். குளிர்நீர் பற்றி ஆராய்ந்த கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார். தண்ணீரில் விழுந்ததும் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அதை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது அதிகபட்சம் 10 நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் தலையை மேலே வைத்திருப்பது லைஃப் ஜாக்கெட்தான். அதைப் படகில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும்.

ஜாக்கெட்டுக்கு அடியில் டிரை சூட், அதாவது தண்ணீர் புகாத முழு உடை. புதிதாக வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும், ஆகவே முதலில் வாடகைக்கு எடுங்கள். அது தண்ணீரைத்தான் தடுக்கும், கதகதப்பைத் தராது. உள்ளே கம்பளி அல்லது ஃப்ளீஸ் போட வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். மாட்டி ஜிப்பை முழுவதும் மூடியதும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, கழுத்து ரப்பருக்குள் இரண்டு விரலை விடுங்கள். உள்ளே இருக்கும் காற்று புஸ்ஸென்று வெளியேறும். அப்படியே விட்டால் விழும்போது காற்று காலுக்குப் போய், நீந்த முடியாமல் தடுமாறுவீர்கள்.

கம்பளிக் குல்லாய், நியோப்ரீன் (ஒருவகை ரப்பர்) கையுறை, காலணி இவையும் வேண்டும்.

படி 4: நாளும் நேரமும்

டிசம்பர் கடைசியில் இங்கே மாலை 4.20-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். 2.30-க்குள் திரும்பிக் கரையேறுவதாகத் திட்டமிடுங்கள்.

காற்றுக்கு, தேசிய வானிலைச் சேவை வெளியிடும் கடல் முன்னறிவிப்பைப் பாருங்கள். சிறு படகு எச்சரிக்கை வரக் காத்திருக்காதீர்கள், அது 21 நாட் (மணிக்கு ஏறக்குறைய 39 கிலோமீட்டர்) காற்றுக்கு வருவது. புதியவர்களுக்கு 10 நாட் தான் எல்லை.

நீரோட்டத்துக்கு ஓத (கடல் நீர் மட்டத்தின் ஏற்ற இறக்க) அட்டவணை மட்டும் போதாது. நீரோட்ட அட்டவணை தனியாக இருக்கிறது. நீர் மட்டம் உச்சத்தைத் தொடும் நேரமும் ஓட்டம் ஓயும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டம் ஓய அரைமணி இருக்கும்போது கிளம்புங்கள். நம் வீட்டுத் தினசரி நாட்காட்டியும் உதவும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் வேகம், அஷ்டமியை ஒட்டி பொதுவாக மெதுவு. முதல் பயணத்துக்கு அஷ்டமிப் பக்கம் ஒரு சனிக்கிழமையைப் பிடியுங்கள்.

படி 5: கிளம்பும் முன்

எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் கடலோரக் காவல்படையை அழைக்க வேண்டும் என்பதை வீட்டில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வி.எச்.எஃப் ரேடியோ லைஃப் ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும். அவசரத்துக்கு 16-ஆம் சேனல். விசில், கைப்பம்பு, வெள்ளை விளக்கு, உதிரித் துடுப்பு, தண்ணீர் புகாத பையில் ஒரு மாற்று உடை.

படி 6: தண்ணீரில்

நால்வரில் மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம். சாதாரணமாகப் பேசினால் காதில் விழும் தூரத்தைத் தாண்டி யாரும் விலகக் கூடாது. துடுப்பை நெட்டுக்குத்தாகத் தூக்கினால் "வா", தலைக்குமேல் கிடையாகப் பிடித்தால் "நில்".

ஆர்கேடியாவுக்குப் பக்கத்திலேயே ஹேமர்ஸ்லி இன்லெட் என்னும் கடற்கால்வாயின் வாய் இருக்கிறது. குறுகலான அந்தக் கால்வாயில் ஓட்டம் உங்கள் துடுப்பு வேகத்தையே மிஞ்சும், அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம். கிழக்கே தெரியும் பெரிய தீவு ஸ்குவாக்சின் பழங்குடியினருடையது. அங்கே வெளியார் இறங்கக் கூடாது.

நீர்நாய்போல ஒரு தலை எழுந்து உங்களையே பார்த்தால் அது கடல்சீல். 100 கெஜம் தள்ளியே இருங்கள். ஓர்கா திமிங்கிலம் தென்பட்டால் 1,000 கெஜம். அழிவின் விளிம்பிலிருக்கும் தெற்கத்திய ஓர்காக் குடும்பங்களுக்காக 2025 முதல் வாஷிங்டன் மாநிலச் சட்டமே அந்தத் தூரத்தைக் கேட்கிறது. எது எந்தக் குடும்பம் என்று நமக்குத் தெரியாது, எல்லாவற்றுக்கும் அதே தூரம் விடுவதே நல்லது.

படி 7: தீவில்

குளிர்காலத்தில் இங்கே மிகத் தாழ்ந்த ஓதம் இரவில்தான் வரும். பகலில் நீர் ஏறி நிற்பதால் கரை ஒடுங்கிப்போயிருக்கும். படகை நால்வரும் சேர்ந்து கரையோர மரக்கட்டைகளுக்கு மேலே தூக்கி வைத்து, கயிற்றால் மரத்தில் கட்டிவிடுங்கள். தீவில் குடிநீர் கிடையாது. பழைய பண்ணை வீட்டுக்காரர்கள் நட்ட பழமரங்களுக்கு நடுவே ஒரு சிறு நடை போகலாம், ஆனால் அதற்கு முன் சாப்பிட்டுவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் பொடி தடவிய இட்லியும் ஃபிளாஸ்க்கில் சுக்குக் காபியும்தான். யாராவது பேச்சைக் குறைத்து நடுங்க ஆரம்பித்தால் நடையை விட்டுவிட்டுக் கூடுதலாக ஒரு குல்லாய், ஒரு கப் சூடான காபி, உடனே திரும்பும் வழி.

படி 8: கரையேறியதும்

வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள். ஈர உடையை மாற்றிவிட்டுப் படகைக் காரில் ஏற்றுங்கள். டிரை சூட்டை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தி, ஜிப்புக்கு மெழுகு தடவி வையுங்கள். உப்பு படிந்த ஜிப் அடுத்த முறை பாதியில் சிக்கிக்கொள்ளும்.