ஏடிவிக்கு லிஃப்ட் போடலாமா? பட்டறைக்குப் போவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வடகிழக்கு மழை முடிந்த கையோடு இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: "வண்டி வயிறு தட்டுது, ரெண்டு இன்ச் தூக்கிடலாமா?" திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கம் ஏடிவி (கரடுமுரடான தரையில் ஓட்டும் நாலு சக்கர வண்டி) வைத்திருப்பவர்கள் குறைவு. அவர்களுக்கும் மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் ஒரு வயலோ சவுக்குத் தோப்போ இறால் பண்ணையோ இருக்கும். வண்டியைக் குட்டியானையில் ஏற்றிப்போய் அங்கே இறக்கி ஓட்டுவார்கள். தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஏதாவது ஒரு லேத் பட்டறையில் கேட்டால், "நாலு பிளேட் வெட்டி மாட்டினா முடிஞ்சுது சார்" என்பார்கள். இப்படி வண்டியின் உடலைச் சக்கரத்துக்கு மேலே உயர்த்துவதுதான் லிஃப்ட்; வேலை என்னவோ சுலபம்தான். அதற்கு முன் கொஞ்சம் அளக்க வேண்டும், கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்து நிலம் தட்டை. சேறு உண்டு, மணல் உண்டு, கரை உண்டு, பாறை கிடையாது. இங்கே வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் புதைவதால். புதைகிற வண்டியை உயர்த்தினாலும் அது புதையத்தான் செய்யும்.

1. எது தட்டுகிறது?

வண்டியைக் கழுவி, அடித்தகட்டைக் காய விடுங்கள். அதன்மேல் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு, வழக்கமாக ஓட்டும் தடத்தில் ஒரு சுற்று போய் வாருங்கள். எங்கே சாக்பீஸ் அழிந்திருக்கிறது, எங்கே புதுக் கீறல் விழுந்திருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

நடுவயிற்றில் நீளவாக்கில் கீறல் இருந்தால், டிராக்டர் போன தடத்தில் சக்கரம் இறங்கி நடுமேடு உரசியிருக்கிறது. ஒரே இடத்தில் குத்தியது போல இருந்தால், சவுக்கு வெட்டிய அடிக்கட்டை. இந்த இரண்டுக்கும் உயரம் உதவும். கீறலே இல்லாமல் சேறு மட்டும் அப்பியிருந்தால் வண்டி புதைந்திருக்கிறது என்று அர்த்தம்; நேராக மூன்றாவது கட்டத்துக்குப் போங்கள்.

அப்படியே அளந்தும் வையுங்கள். சமதரையில், டயரில் சரியான காற்றோடு, நீங்கள் மேலே உட்கார்ந்திருக்க, இன்னொருவர் தரைக்கும் வண்டியின் ஆகத் தாழ்ந்த இடத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். ஆள் இல்லாமல் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும்.

2. பின் அச்சு எந்த வகை?

பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரமும் ஒரே நேர் அச்சில் கோத்திருந்தால் அது சாலிட் ஆக்சில்; பந்தய வகை ஏடிவிகளில் பெரும்பாலும் இதுதான். இதில் பின்பக்கம் ஆகத் தாழ்ந்த பாகமே அந்த அச்சும் அதிலுள்ள பல்சக்கரமும்தான். லிஃப்ட் போட்டால் சட்டம் (வண்டியின் பிரேம்) உயரும், அச்சு அதே இடத்தில் நிற்கும். அங்கே உயரம் கூட்ட டயர் ஒன்றுதான் வழி. ஆக, இந்த வகை வண்டிக்கு லிஃப்ட் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு சக்கரமும் சட்டத்தோடு இணைக்கும் தனித்தனிக் கையில் தொங்கினால், நடுவிலுள்ள டிஃபரன்ஷியலும் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) சட்டத்தோடு சேர்ந்து மேலே வரும். லிஃப்டுக்குப் பயன் உண்டு.

3. காற்றும் டயரும்

காசு செலவில்லாத வேலை இது. ஏடிவி டயரில் காற்று மிகக் குறைவு. பல வண்டிகளுக்கு 4 முதல் 7 பிஎஸ்ஐ-க்குள்தான் இருக்கும். பெட்ரோல் பங்கில் கார் கணக்கில் அடித்துக்கொண்டு வந்து, மணலில் புதைகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. குறைந்த அழுத்தத்தைக் காட்டும் தனி கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண கேஜில் இந்த அளவு சரியாகத் தெரியாது. கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவந்தாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீரும். அதற்கும் கீழே ரொம்ப இறக்கினால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

அடுத்தது டயரின் பட்டன், அதாவது வெளியே துருத்தி நிற்கும் ரப்பர் கட்டிகள். பொன்னேரி வயல் களிமண்ணுக்கு ஆழமான, இடைவெளி விட்ட பட்டன் நல்லது. அதே டயரைப் பழவேற்காட்டு மணலில் ஓட்டினால் குழி தோண்டிக்கொண்டு உட்காரும். எங்கே அதிகம் ஓட்டுகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். (கடற்கரையை மட்டும் விட்டுவிடுங்கள். தை தொடங்கிப் பங்குனி வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் கரை அது.)

பெரிய டயர் போட்டால் உயரமும் கிடைக்கும். 25 இன்ச்சுக்குப் பதில் 27 போட்டால் வண்டி முழுக்க 1 இன்ச் ஏறும், அச்சும் சேர்த்து. ஆனால் சக்கரம் 8 சதவீதம் பெரிதாகிறது, தரையில் கிடைக்கும் இழுவை 7 சதவீதத்துக்கு மேல் குறைகிறது. பெல்ட்டில் ஓடும் வண்டியாக இருந்தால் சேற்றில் மெதுவாக இழுக்கும்போது பெல்ட் வழுக்கிச் சூடாகும். டயரின் விட்டத்தில் 1 இன்ச் கூட்டுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

4. லிஃப்ட் வண்டியை என்ன செய்கிறது?

சந்தையில் அதிகம் கிடைப்பது பிராக்கெட் வகை. ஷாக் அப்சார்பர் மாட்டும் இடத்தைக் கொஞ்சம் நகர்த்துகிறது, அவ்வளவுதான். கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து சட்டம் மேலே போகிறது. ஷாக்கின் நீளமும் ஸ்ட்ரோக்கும் (அது சுருங்கி விரியும் தூரம்) மாறுவதில்லை. அதனால் குழியில் சொகுசு கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கை சாயும்போது சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சிலும் சாய்கிறது. அதன் இரண்டு முனையிலும் சிவி ஜாயிண்ட் (மடங்கிய நிலையிலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு), அதை மூடி ரப்பர் பூட். நேராக ஓட வேண்டிய ஜாயிண்ட் எப்போதும் மடங்கியே ஓடினால் சீக்கிரம் தேயும், பூட்டின் மடிப்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிழிந்த பூட்டுக்குள் இறால் பண்ணையின் உப்புச் சேறு போனால் கிரீஸ் கெட்டு, ஜாயிண்ட் கடகடவென்று சத்தம் போட ஆரம்பிக்கும். 2 இன்ச்சுக்கு மேல் தூக்குவதாக இருந்தால் நீளமான கையும் வேறு ஆக்சிலும் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். பிராக்கெட் விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்க வேண்டாம்.

ஷாக்கின் பிரீலோட் வளையத்தை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வளையம்) திருகியும் உயர்த்தலாம், செலவில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைந்துவிடும்; பள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். பின்னால் மூட்டை ஏற்றுகிறவர்கள் அந்தப் பாரத்துக்காக ஒன்றிரண்டு பல் ஏற்றிக்கொள்ளலாம், அவ்வளவே.

5. சாயும் கணக்கு

எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு உதாரணம்: இடது, வலது சக்கரங்களுக்கு நடுவே 900 மில்லிமீட்டர் அகலம், ஆளோடு சேர்த்து வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 500 மில்லிமீட்டர் உயரம். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 0.9. டேன் (tan) மதிப்பு 0.9 வரும் கோணம் சுமார் 42 டிகிரி; கணக்குப்படி அந்தப் பக்கச் சரிவில் வண்டி கவிழும். 2 இன்ச் (சுமார் 50 மில்லிமீட்டர்) தூக்கினால் உயரம் 550 ஆகி, அது 39 டிகிரிக்கு இறங்குகிறது. கை கீழே சாய்வதால் சக்கர அகலமும் ஒரு பொட்டு குறையும்.

மூன்று டிகிரிதானே என்று தோன்றும். இது வண்டி அசையாமல் நிற்கும்போது வரும் கணக்கு. திருப்பத்தில், ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போது, ஈரக் கரை இடியும்போது இந்த எல்லை வெகு முன்னாலேயே வந்துவிடும். இறால் குளத்துக் கரையில் தினமும் ஓட்டுகிறீர்களா? ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தண்ணீர். அந்த வண்டிக்கு லிஃப்ட் வேண்டாம் என்றுதான் சொல்வேன். குட்டியானையில் பலகை வைத்து ஏற்றும்போதும் கவனம்: உயர்த்திய வண்டி செங்குத்தான பலகையில் பின்னால் மல்லாந்துவிடுவது இன்னும் எளிது.

6. தண்ணீருக்காகத் தூக்குகிறவர்கள்

வியாசர்பாடி சுரங்கப்பாதை நிரம்புவதைப் பார்த்துவிட்டு வரும் ஆசை இது. 2 இன்ச் தூக்கினால் இன்ஜின் காற்று இழுக்கும் வாயும் 2 இன்ச்தான் உயரும். தவிர, ஏடிவி டயர் காற்றுப் பை மாதிரி; தண்ணீர் ஏறினால் வண்டி மிதக்கத் தொடங்கி சக்கரத்துக்குப் பிடிமானம் போய்விடும். அப்புறம், பெரும்பாலான ஏடிவிகளுக்குப் பதிவு எண் கிடையாது, சாலையில் ஓட்டவே கூடாது. பதிவு உள்ள வண்டியாக இருந்தால், பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது.

7. சரி, போடுவது என்று முடிவானால்

டிராக்டர் தடம், சவுக்குக் கட்டை, தனித்தனிச் சஸ்பென்ஷன், கரையோரம் ஓட்டாத பழக்கம். இவை எல்லாம் உங்களுக்குப் பொருந்தி, 1 இன்ச் பெரிய டயரும் போதவில்லை என்றால் லிஃப்ட் போடுங்கள். 2 இன்ச்சைத் தாண்டாதீர்கள்.

உங்கள் மாடலுக்கென்றே வரும், போல்ட்டில் மாட்டும் செட்டை வாங்குங்கள். சட்டத்தில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். வெல்டு பிடித்த இடத்தை ஒட்டி விரிசல் விட வாய்ப்புண்டு, பழையபடி திரும்பவும் முடியாது. கழற்றிய போல்ட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

மாட்டியதும் வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் எங்கும் இழுபடக் கூடாது, ரப்பர் பூட் எதிலும் உரசக் கூடாது. பிறகு தரையில் இறக்கி, முன்சக்கரங்களின் முன்பக்க இடைவெளியையும் பின்பக்க இடைவெளியையும் அச்சு உயரத்தில் டேப்பால் அளங்கள். லிஃப்ட் போட்டால் இது கட்டாயம் மாறியிருக்கும். டை ராடை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) திருகிக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் ஓட்டம் சமதரையில், மெதுவாக. திரும்பி வந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) மறுபடி இறுக்குங்கள்.